‘என் கை’ என்னுந் தொடர்: மெர்லோ-பொந்தியின் மெய்யியல் பற்றிய ஒரு விளக்கம்

ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை என்பதும், அக்கிழமை தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படும் என்பதும் இக்கல்லூரியிற் கற்று வெளியேறிய எவரும் அறிந்தனவே. யானையது கோடு என்புழிக் கோடு யானையின் வேறன்று; ஆதலின் அது தற்கிழமை. முருகனது வேல் என்புழி வேல் முருகனின் வேறாய பொருள். ஆதலின் அது பிறிதின்கிழமை. இவ்விரண்டு உதாரணங்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்திற்குச் செல்வது ஆண்டுதோறும் எமக்கு வழக்கமாயிருந்தது. சில ஆண்டுகளின் முன்னர்ப் பத்தாந் தர வகுப்பில் மாணாக்கன் ஒருவன் எழுந்து, ஒருவர் பொருத்தியிருக்குஞ் செயற்கைக் கால் தற்கிழமையா, பிறிதின்கிழமையா என வினவினான். வகுப்பிற் சிரிப்பெழுந்தது. அவன் சிரிக்கவில்லை. கழற்றி வைக்கத்தக்கது ஆதலின் பிறிதின்கிழமையே என விடை கூறி அவனை இருத்தினோம். அவனுடைய தந்தையார் செயற்கைக் கால் அணிபவர் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அன்றிரவு அவ்விடை எமக்கே உவர்த்தது. கழற்றத்தக்கன எல்லாம் பிறிது எனின், உதிரும் மயிரும் களையும் நகமும் யாவை? தன்னோடு ஒட்டியிருப்பதே தன்னது எனின், வெட்டுண்டு ஒழிந்த கால் இரவில் அரிக்கின்றது என்று ஒருவர் கூறும்பொழுது அக்கால் எக்கிழமைக்கு உரியது? இலக்கண நூலார் சொற்களின் இயைபை ஆராய்ந்தாரேயன்றி உடம்பின் இயல்பை ஆராயப் புகுந்தாரல்லர். ஆதலின் அவரைக் குறைகூறுதல் தகாது. எனினும், ‘என் கை’ என்று சொல்லும்பொழுது உடையவன் யார், உடைமை யாது என்னும் வினா எஞ்சியே நிற்கின்றது. இவ்வினாவை வாழ்நாள் முழுவதுங் கைவிடாதிருந்த ஒருவரை, மெய்யியல் கற்ற நண்பர் ஒருவர் எமக்கு அறிமுகஞ் செய்தார். அவரே பிரான்சு தேசத்து மோரிஸ் மெர்லோ-பொந்தி. யாம் மெய்யியற் பட்டதாரி அல்லேம். ஆசிரிய கலாசாலைச் சான்றிதழோடு தமிழ் கற்பித்து வருபவரேம். அவருடைய பெருநூலை ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு மாரிகால விடுமுறை முழுவதும் வைத்துப் படித்தோம். விளங்கியவற்றுள் சிலவற்றைப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணாக்கர்க்கும் இம்மலர் வாயிலாகக் கூறப் புகுகின்றோம்.

மெர்லோ-பொந்தி 1908 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14 ஆந் திகதி, பிரான்சின் மேற்குக் கரையை அடுத்த றொஷ்ஃபோர் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையாரை இழந்தவர். பாரிஸ் நகரத்து எக்கோல் நோர்மால் என்னும் உயர் கலாசாலையிற் பயின்றார். சார்த்தர், சிமோன் த பொவ்வார் ஆகியோர் அவர்தம் சமகாலத்தவர். இடைநிலைப் பள்ளிகளிற் கற்பித்தார். 1939 இல் யுத்தம் மூண்டபொழுது காலாட்படையிற் சேர்ந்தார். யேர்மானியப் படை பாரிஸ் நகரைத் தன்வயப்படுத்தியிருந்த காலத்தில், வகுப்பிற் கற்பித்துக்கொண்டே எழுதிய நூல்தான் 1945 இல் வெளிவந்த ‘புலக்காட்சியின் தோற்றப்பாட்டியல்’. பின்னர் லியோன் பல்கலைக்கழகத்திலும் சோர்போனிலும் பேராசிரியராயிருந்து, 1952 இல் கொலேஜ் த பிரான்சு என்னும் உயரிய பீடத்திற்குத் தெரிவு செய்யப்பட்டார். 1961 மே 3 ஆந் திகதி, 53 ஆவது வயதில், திடீரெனக் காலமானார்.

தோற்றப்பாட்டியல் என்னும் பெயரைக் கேட்டு மருளவேண்டுவதில்லை. அந்நெறியை வகுத்தவர் எட்மண்ட் ஹுசேர்ல் என்னும் பேரறிஞர். ஒரு பொருள் உண்மையில் எத்தகையது என்னும் விவாதத்தை ஒருபுறம் ஒதுக்கி, அது நம் அனுபவத்திற்கு எவ்வாறு தோற்றுகின்றதோ அவ்வாறே அதனை விபரித்தல் முதற் கடமை என்பது அவர் கொள்கை. சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. ஏனெனில், நாம் காண்பதைக் கூறாமல், காணவேண்டும் என்று கற்பிக்கப்பட்டதையே கூறுகின்றோம். கட்டுரை எழுதச் சொன்னால் தன் வீட்டு முற்றத்து மரத்தை விட்டுவிட்டுப் பாடப்புத்தகத்து மரத்தையே எழுதும் மாணாக்கரை நாள்தோறுங் காணும் எமக்கு இது புதிதன்று.

ஹுசேர்லின் கையெழுத்துச் சுவடிகளின் கதையை இங்குக் கூறாது செல்ல மனம் ஒப்பவில்லை. அவர் யூத குலத்திற் பிறந்தவர். ஆகவே நாற்சி ஆட்சியில் அவர்க்குப் பல்கலைக்கழகத்தின் வாயில் அடைபட்டது. 1938 ஏப்பிரலில் அவர் இறந்தபொழுது, ஏறக்குறைய 40,000 பக்கங்கள் சுருக்கெழுத்தில் எஞ்சிக் கிடந்தன. அவை அழிந்தொழிதல் கூடும் என்று அஞ்சிய வன் பிரேடா என்னும் இளந்துறவி, அவ்வாண்டிலேயே அவற்றை யேர்மனியிலிருந்து பெல்ஜியத்து லூவேன் நகருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நூல் எரிந்த வரலாற்றை நெஞ்சிற் சுமக்கும் எம் நாட்டவர்க்கு அத்துறவியின் அருஞ்செயலை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1939 ஏப்பிரலில் அச்சுவடிகளைத் தேடி லூவேன் நகருக்கு வந்து படித்த முதல் வெளியூர் அறிஞருள் ஒருவர் மெர்லோ-பொந்தி. தம் சிந்தனைக்கு வித்தாக அவர் எடுத்துச் சென்றவற்றுள் ஒன்று மிகச் சிறிய செய்தி. அது இரண்டு கைகளைப் பற்றியது.

வலக்கையால் இடக்கையைத் தொட்டுப் பாருங்கள். இடக்கை ஒரு பொருளாய், எலும்பும் தோலுமாய், சற்றே குளிர்ந்ததாய்த் தோற்றும். ஆனால் மேசையைத் தொடும்பொழுது நிகழாத ஒன்று இங்கு நிகழ்கின்றது. தொடப்படும் இடக்கையே தொடத் தொடங்குகின்றது. அதுவரை தொட்டுக்கொண்டிருந்த வலக்கை தொடப்படும் பொருளாகின்றது. இவ்விரண்டும் மாறி மாறி வருமேயன்றி, ஒரே கணத்தில் முற்றாக ஒன்றாதல் இல்லை. உலகத்துப் பொருள்களுள் ஒன்றாகவும், அப்பொருள்களை அறியும் அறிவாகவும் ஒருங்கே நிற்பது உடம்பு ஒன்றே என்பதை இச்சிறு பரிசோதனை காட்டிவிடுகின்றது. கருவி வேண்டா; ஆய்வுகூடம் வேண்டா. இம்மலரைச் சற்றுக் கீழே வைத்தாற் போதும்.

இது ஏன் பெரிய செய்தியாயிற்று என்பதை அறிய, முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1641 இல் வெளிவந்த ‘தியானங்கள்’ என்னும் நூலில் றெனே டேக்கார்ட், ஐயத்திற்கு இடமான அனைத்தையும் நீக்கி நீக்கிச் சென்று, ஐயுறுகின்ற ‘யான்’ ஒன்றை மட்டும் நீக்கவொண்ணாது என நிறுவினார். அந்த ‘யான்’ சிந்திக்கும் பொருள். உடம்போ இடத்தை அடைத்துக் கிடக்கும் பொருள். இரண்டும் இனத்தால் வேறு. அவ்வாறாயின், இடமே இல்லாத உயிர் இடத்திலுள்ள உடம்பை அசைப்பது எங்ஙனம் என்று பொகீமிய இளவரசி எலிசபெத் 1643 இல் அவர்க்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அவ்வினாவுக்குத் தக்க விடை கிடைத்ததாக யாம் கருதவில்லை. மாலுமி மரக்கலத்தில் இருப்பதுபோல் யான் உடம்பில் இருக்கவில்லை என்பதை டேக்கார்ட் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதையும் நடுவுநிலைமை கருதிச் சொல்லவேண்டும். ஆயினும் அவர் வழிவந்த அறிவியல் அந்த ஒப்புதலை மறந்து, உடம்பை ஒரு பொறியாகவே கொண்டது. எம் இலக்கண மொழியிற் கூறுவதாயின், டேக்கார்ட்டுக்குப் பின் ‘என் கை’ என்பது முருகனது வேல் போன்ற பிறிதின்கிழமை ஆயிற்று.

மெர்லோ-பொந்தி இதனை எதிர்த்தவர். என் மேசையை யான் சுற்றிவந்து பார்க்கலாம். அறையை விட்டு நீங்கினால் மேசை என்னை விட்டு நீங்கும். என் உடம்பை யான் சுற்றிவர முடியாது. அது என்னை விட்டு நீங்குவதும் இல்லை. என் முதுகை யான் கண்டதில்லை. உடம்பு நான் காணும் பொருள்களுள் ஒன்றன்று. எதனால் எனக்குப் பொருள்கள் உளவாகின்றனவோ, அது. ஆதலின் ‘எனக்கு உடம்பு உண்டு’ என்பதைக் காட்டிலும் ‘யான் என் உடம்பு’ என்பதே பொருந்தும் என்றார் அவர். யானையது கோடு என்னுந் தற்கிழமைகூட அவர்க்குப் போதாது; ஏனெனில் அங்கும் முழுமை வேறு, உறுப்பு வேறு என்னும் ஒரு சிறு பிளவு உண்டு.

இக்கருத்தை அவர் வெறும் வாதத்தால் நிறுவ முயலவில்லை. மருத்துவர் ஏடுகளைத் தேடிப் படித்து, நோயாளர் கூற்றுக்களினின்றும் நிறுவினார். அவற்றுள் முதலாவது, இல்லாத உறுப்பை உள்ளதாக உணரும் நிலை. கை அல்லது கால் அறுக்கப்பட்டவர் பலர் அவ்வுறுப்பு இன்னும் இருப்பதாகவே உணர்வர். அது வலிக்கும், அரிக்கும், மடங்கும். உடற்றொழிலியலார், எஞ்சிய அடியிலுள்ள நரம்புகள் மூளைக்குப் பொய்ச்செய்தி அனுப்புகின்றன என்பர். அவ்வாறாயின், அடியை மரக்கச் செய்த பின்னரும் அவ்வுணர்ச்சி நீங்காதிருத்தல் ஏன்? உளவியலார், இழப்பை ஏற்க மறுக்கும் மனத்தின் நினைவு அது என்பர். அவ்வாறாயின், மூளைக்குச் செல்லும் நரம்பை வெட்டினால் அவ்வுணர்ச்சி மறைதல் ஏன்? நினைவை நரம்பில் வெட்டுவது எவ்வாறு? இரண்டும் பாதி உண்மைகள் என்று கண்ட மெர்லோ-பொந்தி, உடம்பில் இரண்டு படைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று இக்கணத்து உடம்பு. மற்றையது பல்லாண்டுப் பழக்கத்தால் உருவான உடம்பு. கால் போன பின்னரும், பழகிய உடம்பு படிகளை ஏறத்தக்க படிகளாகவும், துவிச்சக்கரவண்டியை மிதிக்கத்தக்க வண்டியாகவுமே காண்கின்றது. உலகம் அந்தக் காலை இன்னும் அழைத்துக்கொண்டிருக்கின்றது. அழைப்பு இருக்குமளவும் கால் ஒருவகையில் இருக்கின்றது. அது நினைவும் அன்று, நரம்பின் பிழை மட்டுமும் அன்று. பிற்காலத்தில், தமிழகத்திற் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த வி. எஸ். இராமச்சந்திரன், ஒரு கண்ணாடியை இடையில் நிறுத்தி, உள்ள கையின் நிழலை இல்லாத கையின் இடத்திற் காட்டியபொழுது, நோயாளர் சிலர்க்கு இல்லாத கையின் இறுக்கம் தளர்ந்தது. 1996 இல் அவ்வாய்வு வெளிவந்தது. கண்ணும் கையும் தனித்தனிக் கருவிகள் அல்ல என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

இவ்வளவும் படித்தபின் எம் மாணாக்கனின் தந்தையாரைக் காணச் சென்றோம். அவரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. எமக்கு இரண்டு வகுப்பு மூத்தவர். 2002 இல், நெடுங்காலம் விட்டிருந்த தம் காணியைத் துப்புரவாக்கச் சென்றவிடத்து மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழ் இழந்தவர். பிரான்சுக்காரர் சொன்னதை எமக்கியன்ற தமிழில் எடுத்துச் சொல்லி, போன கால் நினைவில் வருவதுண்டா என்று கேட்டோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, “நினைப்பில்லை மாஸ்ரர். கால் அங்கை நிக்குது” என்றார். விடியற்காலையில் நித்திரைக் கண்ணோடு எழுந்து இல்லாத காலை நிலத்தில் ஊன்றி விழுந்த நாள்கள் பல என்றும் சொன்னார். விழுந்தபின்தான் கால் இல்லை என்பது தெரியுமாம். முந்நூறு பக்கத்தை யாம் இரண்டு வாக்கியத்திற் கேட்டோம்.

பழக்கம் என்பதற்கு மெர்லோ-பொந்தி கூறும் உதாரணங்கள் இன்னும் இனிமையானவை. பார்வையிழந்தவரின் கோல் முதலில் அவர் கையிற் கிடக்கும் ஒரு தடி. அதன் அசைவை உள்ளங்கையில் உணர்ந்து, அதிலிருந்து எதிரிலுள்ளதை ஊகிக்கவேண்டும். பழகியபின் தடி மறைந்துபோகின்றது. அவர் தடியை உணர்வதில்லை. தடியின் நுனியிலே தரையை உணர்கின்றார். தொடுவுணர்ச்சி கையை விட்டு நுனிக்குப் பெயர்ந்துவிட்டது. தொப்பியில் நீண்ட இறகு சூடிய பெண் வாயிலைக் கடக்கும்பொழுது அளந்து பாராமலே தலையைச் சாய்க்கின்றாள். தட்டச்சில் வல்லவர் எழுத்துக்கள் எங்கெங்கு உள என்று கேட்டால் விடை கூறத் திணறுவார், விரலோ திணறுவதில்லை. எமது அலுவலகங்களிற் பழந் தமிழ்த் தட்டச்சுப் பொறியோடு முதுமை எய்திய லிகிதர்களிடம் ழகரம் எங்கே என்று கேட்டவர்கள், அவர்கள் வாய் திறவாமல் விரலைக் காற்றில் அசைத்துப் பார்த்ததைக் கண்டிருப்பர். அறிவு அங்கே இருக்கின்றது.

கல்லூரி அணியில் உதைபந்து ஆடிய பழைய மாணவர்க்கு அவர் முதல் நூலில் ஒரு பகுதி உண்டு. 1942 இல் வெளிவந்த ‘நடத்தையின் அமைப்பு’ என்னும் அந்நூலில், ஆடுவோனுக்கு மைதானம் ஒரு பொருளாய்த் தோற்றுவதில்லை என்கிறார். எல்லைக் கோடுகளும் எதிரணியினரிடையே திறக்கும் இடைவெளிகளும் அவனை இழுக்கும் விசைகளாய் நிற்கின்றன. அவன் ஓர் அடி வைத்ததும் மைதானமே மாறுகின்றது. முதலில் எண்ணிப் பின் உதைத்தான் என்று கூறுவது, விளையாட்டு முடிந்தபின் பந்தலில் இருந்தோர் கட்டும் கதை.

இனி, ஷ்னைடர் என்று ஏடுகளில் வழங்கும் போர்வீரரின் வரலாறு. 1915 இல் வெடிகுண்டுச் சிதறல் அவர் பின்தலையைத் தாக்கியது. கெல்ப், கோல்ட்ஸ்டைன் என்னும் யேர்மானிய அறிஞர் இருவர் அவரை நெடுங்காலம் ஆராய்ந்தனர். அவர் பணப்பை செய்யுந் தொழிலைச் செவ்வனே செய்தார். நுளம்பு கடித்த இடத்தைக் கண நேரத்தில் அடிப்பார். ஆனால், கண்ணை மூடி உன் மூக்கைச் சுட்டிக் காட்டு என்றால் அவரால் இயலாது. முழு உடம்பையும் அசைத்து அசைத்துக் கையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதே மூக்கு, அதே கை. பற்றுவதற்கு எட்டியது, சுட்டுவதற்கு எட்டவில்லை. படை வணக்கஞ் செய் என்றால், அச்சூழ்நிலை முழுவதையும் மெய்யாகவே மேற்கொண்டாலன்றி அவரால் அதைச் செய்ய முடியாது. வீணே உலாவச் செல்லார். காரியம் இருந்தாலே செல்வார். கோல்ட்ஸ்டைனின் வீட்டைக் கடந்து போனாலும், அங்குச் செல்லும் நோக்கத்தோடு புறப்படாவிடின், அது அவர் வீடென அறியார்.

அறிவு குன்றியது என்றோ, கை முடங்கியது என்றோ இதனைச் சொல்லிவிட முடியாது. மெர்லோ-பொந்தி கூறுவது இது: நலமுள்ளவனைச் சுற்றி, நேற்றும் நாளையும், நடந்ததும் நடக்கக்கூடியதும், விளையாட்டும் கற்பனையும் ஒரு வில்லைப்போல் வளைந்து நிற்கின்றன. ஷ்னைடரிடத்தில் அவ்வில்லின் நாண் தளர்ந்துவிட்டது. அவர் உண்மையில் உள்ளதற்குள்ளே அடைபட்டுவிட்டார். ‘அவ்வாறு இருந்தால்’ என்னும் வெளி அவர்க்கு இல்லை. மூக்கைச் சுட்டுதல் என்னும் பயனற்ற செயலுக்கு அந்த வெளி வேண்டும். நாடக மேடையேறும் மாணாக்கனுக்கும், பொய்க்கோபங் காட்டும் தாய்க்கும், உவமை சொல்லும் புலவனுக்கும் வேண்டுவது அதுவே என்பதை நினைந்தபொழுது, நோயாளர் ஒருவரின் மூக்கிலிருந்து இலக்கியத்திற்கு ஒரு வழி திறந்தது கண்டு வியந்தோம். இவ்விடத்து ஒன்று கூறவேண்டும். பின்வந்த மருத்துவ அறிஞர் சிலர், ஷ்னைடரைப் பற்றிய பழைய ஏடுகள் எவ்வளவிற்கு நம்பத்தக்கன என ஐயுற்றிருக்கின்றனர். அவ்வையத்தை மறைத்தல் முறையன்று. ஆயினும், பற்றுதலுஞ் சுட்டுதலும் வேறு என்னும் வேறுபாடு அந்த ஒருவரை மட்டும் நம்பி நிற்பதன்று.

அவ்வாறாயின் ‘யான்’ என்பது யாது? உடம்பிற் புதைந்து எண்ணாமலே செயற்படும் ஒன்றையா யான் என்பது? இங்கே அவர் ஆசிரியர் என்ற முறையில் எமக்கு நெருங்கியவராகின்றார். 1949 தொடக்கம் 1952 வரை அவர் சோர்போனிற் கற்பித்தது குழந்தை உளவியலும் கல்வியியலும். அவரையடுத்து அப்பீடத்திற் கற்பித்தவர், ஆசிரிய கலாசாலைக்குச் சென்றோர் எவரும் மறக்கவியலாத ஜீன் பியாஜே. பியாஜேயை யாம் பரீட்சைக்கு மனனஞ் செய்தோம். அவர்க்கு முன் அங்கிருந்தவரின் பெயரை எவரும் எமக்குச் சொல்லவில்லை.

மெர்லோ-பொந்தி தரும் உதாரணம் ஒன்று. 15 மாதக் குழந்தையின் விரலை விளையாட்டாக எம் வாயிலிட்டுக் கடிப்பதுபோற் பாவனை செய்தால் அது தன் வாயைத் திறக்கின்றது. அக்குழந்தை தன் முகத்தைக் கண்ணாடியிற் கண்டது அரிது; அதன் பற்கள் எம் பற்களைப் போல்வன அல்ல. எம் வாயின் செயலைத் தன் வாயின் செயலாக அது எவ்வாறு பெயர்த்தது? எம் முகத்தைப் பார்த்து, ஒப்புநோக்கி, ஊகித்து அன்று. கடித்தல் என்னும் நோக்கம் எம் உடம்பிலிருந்து அதன் உடம்பிற்கு நேரே செல்கின்றது. ஆகவே முதலில் ‘யான்’ என்ற ஒன்று உள்ளே தனித்திருந்து, பின்னர்ப் பிறரும் உளர் என ஊகித்து அறிவதில்லை. எவர்க்கும் உரிய பொது வாழ்வொன்று முந்தியுளது. அதனினின்றே ‘யான்’, ‘நீ’ என்பன மெல்லப் பிரிகின்றன. நமக்குள் ஆழத்தில் காண்பவன் ‘யான்’ என்று கூறுவதைக் காட்டிலும், அங்கே காணுதல் நிகழ்கின்றது என்று கூறுவதே தகும் என்கிறார். எனக்குப் பசிக்கின்றது, எனக்கு விளங்குகின்றது என நான்காம் வேற்றுமையிற் பேசிப் பழகிய தமிழர்க்கு இது செவிக்கு இதமாயிருக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். மெய் என்னுஞ் சொல் உடம்பையும் உண்மையையும் குறிப்பதையும், உயிரும் மெய்யுங் கூடி உயிர்மெய் ஆவதையும் எடுத்துக்காட்டி, இவையெல்லாம் எம்மவர் முன்னமே கண்டவை என்று மேடையில் முழங்குவது எளிது. கைதட்டலுங் கிடைக்கும். யாம் அவ்வாறு செய்யத் துணியோம். சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரம் உடம்பின் வேறாய் உயிர் உண்டு என்பதை நிறுவப் புகுந்தது. மெர்லோ-பொந்தியின் வழி அதற்கு எதிர்த்திசையிற் செல்வது. இருவரையும் இணக்கிவைத்தல் எமது ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. கட்டுண்ட நிலையில் உயிர் உடம்போடு எவ்வாறு ஒன்றியிருந்து அறிகின்றது என்னும் விபரிப்பிற்கு அவர் நூல் உதவும் என்னுமளவே எமக்குத் தோன்றுகின்றது. அதனை அறிந்தோர் ஆராய்வாராக.

அவரிடத்துக் குறை இல்லாமல் இல்லை. அவர் கூறும் உடம்பு எவருடைய உடம்பு? 1980 இல் அயிறிஸ் மரியன் யங் என்னும் அமெரிக்க அம்மையார் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிறுமியர் பந்தெறியும்பொழுது முழு உடம்பையும் வீசாமல் முழங்கையை மட்டும் அசைப்பது ஏன் என்பது அவர் வினா. ‘என்னால் இயலும்’ என்று உலகை நோக்கிப் பாயும் உடம்பையே மெர்லோ-பொந்தி விபரித்தார்; பிறர் தன்னைப் பார்க்கின்றனர் என்னும் நினைவோடு வளர்க்கப்பட்ட உடம்பு ‘இயலும்’ என்று தொடங்கி, ‘என்னாலா?’ என்று இடையிற் தயங்குகின்றது என்றார் அவர். லியோனில் மெர்லோ-பொந்தியின் விரிவுரைகளைக் கேட்ட மார்த்தினிக் தீவினர் ஃபிரான்ஸ் ஃபனோன் அதற்கும் முன்னர், 1952 இல், இன்னுங் கடுமையாக எழுதினார். வெள்ளையர் நாட்டிற் புகைவண்டியில் இருக்கும் கறுப்பு மனிதன், பிறர் பார்வை தன்மேல் விழுந்த கணத்தில், தன் உடம்பினின்றும் பெயர்க்கப்பட்டுத் தோலொன்றே ஆகின்றான். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு, கையை எங்கு வைப்பது, எவ்வளவு வேகத்தில் நடப்பது என்று ஒவ்வோர் அசைவையும் எண்ணி எண்ணிச் செய்த எம் தலைமுறையினர்க்கு ஃபனோன் கூறியதற்கு உரை வேண்டா. அப்பொழுது எம் கை எமக்குப் பிறிதின்கிழமையாய்த்தான் இருந்தது.

இன்னொரு வரலாறு வேறொரு திசையிலிருந்து அவரைச் சோதிக்கின்றது. 1971 இல் 19 வயது இளைஞர் ஒருவர்க்குக் காய்ச்சல் கண்டு, கழுத்துக்குக் கீழே தொடுவுணர்ச்சியும், உறுப்புக்கள் எங்கே எந்நிலையில் உள்ளன என்னும் உணர்வும் முற்றாக அற்றுப்போயின. தசைகள் பழுதுறவில்லை, ஆயினும் அவரால் இருக்கவும் முடியவில்லை. பின்னர், கண்ணாலே தம் கையையும் காலையும் நோக்கி நோக்கி, ஒவ்வோர் அசைவையும் எண்ணிச் செய்து, எழவும் நடக்கவும் பழகிக்கொண்டார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். டேக்கார்ட் கூறிய மாலுமியும் மரக்கலமும் இவரிடத்திற்றான் உண்மையாயின. அந்நிலை ஒருவனுக்கு இயற்கையன்று, இடையறாத உழைப்பாற் பெற்ற வெற்றி என்பதே மெர்லோ-பொந்தியின் பக்கத்தில் நின்று பேசுகின்றது. ஆனால் எண்ணத்தால் உடம்பை நடத்தவே முடியாது என்று எவரேனும் சொல்வாராயின், அந்த இளைஞர் அதற்கு மறுப்பாகவும் நிற்கின்றார்.

மெர்லோ-பொந்தி தாமும் தம் முதற் கருத்தில் நிறைவு கொண்டாரல்லர். எண்ணத்திற்கு முன் மௌனமான ஒரு ‘யான்’ உண்டு என்று 1945 இல் எழுதியதைத் தம் இறுதிக் குறிப்புக்களில் தாமே மறுத்தார். அந்த ‘யான்’ சொல்லின்றி அமையாது என்று கண்டதே காரணம். முடிவுறாத அந்நூல் ‘கட்புலனாவதும் கட்புலனாகாததும்’ என்ற பெயரில் 1964 இல் வெளிவந்தது. தொடுவதும் தொடப்படுவதும், காண்பதும் காணப்படுவதும் ஒரே பொதுப்பொருளின் மடிப்புக்கள் என அங்கே கூறப் புகுந்து, கூறி முடிக்குமுன் மறைந்தார். அவர் இறந்த அன்று மேசையில் விரிந்து கிடந்தது டேக்கார்ட்டின் ஒளியியல் நூல் என்பர். எதிர்த்த ஆசானை இறுதிவரை படித்துக்கொண்டிருந்தார்.

சென்ற ஆண்டு அம்மாணாக்கனை, இப்பொழுது உயர்தர வகுப்பில் இருப்பவனை, விறாந்தையில் நிறுத்தி அன்று யாம் கூறிய விடை பிழை என்றோம். அவன் தந்தையார் இரவிற் கழற்றிச் சுவரிற் சாத்தும்பொழுது அக்கால் பிறிதின்கிழமை. காலையில் அணிந்து படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்கி, அதன் நுனியிலே கல்லையும் மணலையும் பிரித்தறிந்து நடக்கும்பொழுது தற்கிழமை. போன காலோ, இல்லாதிருந்தும் தற்கிழமையை விட்டு நீங்காதது. பொருள் ஒன்றாயிருக்கக் கிழமை மாறும் என்றோம். அவன் பொறுமையோடு கேட்டுவிட்டு, பரீட்சையில் வந்தால் எதனை எழுதுவது என்று கேட்டான். பிறிதின்கிழமை என்றே எழுதும்படி கூறினோம்.